கல்லைப் படிக்கும் வழிப்போக்கர்: ஷெல்லியின் சானெட்டும் கிரேயின் இரங்கற்பாவும்

பெர்சி பிஷ் ஷெல்லியின் 'ஓசிமாண்டியாஸ்' பதினான்கே அடிகளில் முடிந்துவிடும் ஒரு சானெட். தாமஸ் கிரேயின் 'நாட்டுப்புறத் தேவாலயக் கல்லறையில் எழுதிய இரங்கற்பா' நான்கடிச் செய்யுள் முப்பத்திரண்டு கொண்டது. மொத்தம் 128 அடிகள். முன்னது 1818 ஜனவரி 11 அன்று, லண்டனில் லீ ஹன்ட் ஆசிரியராக இருந்த 'எக்ஸாமினர்' வார இதழில் வந்தது. பின்னது அதற்கு 67 ஆண்டு முன்பே, 1751 பிப்ரவரி 15 அன்று, ராபர்ட் டாட்ஸ்லி என்னும் பதிப்பாளர் ஆறு பென்னி விலையில் வெளியிட்ட சிறு நூலாக வந்துவிட்டது. முதல்முறை அச்சேறியபோது இரண்டிலுமே கவிஞரின் பெயர் இல்லை. ஷெல்லி 'கிளிராஸ்டிஸ்' என்ற புனைபெயரில் மறைந்துகொண்டார். கிரேயின் நூலில் எந்தப் பெயரும் போடப்படவில்லை. மாண்டவரின் பெயர் என்னவாகிறது என்று கேட்கும் இரு கவிதைகளும் இப்படிப் பெயரில்லாமல் புறப்பட்டது தற்செயல்தான்; ஆனாலும் பொருத்தமான தற்செயல்.

1861-இல் பிரான்சிஸ் டர்னர் பால்கிரேவ் தொகுத்த 'கோல்டன் டிரஷரி' இரண்டையும் சேர்த்துக்கொண்டது. பிரிட்டிஷ் ஆட்சி பரவிய நாடுகளின் ஆங்கிலப் பள்ளிகளில் இவை ஊன்றியதில் அத்தொகுப்புக்குப் பெரும் பங்கு உண்டு. அங்கெல்லாம் ஆசிரியர்கள் இவற்றை ஒரே தலைப்பில்தான் அடக்கினார்கள்: உலக வாழ்வின் நிலையாமை. அரசனும் மாள்வான், உழவனும் மாள்வான் என்று இரண்டு வரி எழுதினால் தேர்வில் மதிப்பெண் கிடைத்துவிடும்.

தமிழ் வாசகருக்கு இந்த ஒப்பீடு போதாது. நாலடியாரின் முதல் மூன்று அதிகாரங்களே செல்வம், இளமை, யாக்கை ஆகியவற்றின் நிலையாமையைப் பேசுகின்றன. புறநானூற்றின் காஞ்சித் திணைப் பாடல்கள் சுடுகாட்டைக் காட்டி மன்னனுக்கே அறிவுரை சொல்கின்றன. அந்த அளவுகோலைக் கையில் எடுத்தால் ஷெல்லியும் கிரேயும் புதிதாக எதுவும் சொல்லிவிடவில்லை. இவ்விரு கவிதைகளின் தனித்தன்மை வேறோர் இடத்தில் இருக்கிறது. இரண்டிலும் கல்லில் எழுத்து பொறிக்கப்பட்டிருக்கிறது. எங்கிருந்தோ வந்த ஒருவர் அதைப் படிக்கிறார். எழுதியது யார், எழுத்து யாரைப் பற்றியது, படிக்க வருபவர் யார் என்ற மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டு படித்தால் இரண்டும் எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன என்பது தெரியும். அப்படிப் படிப்பதற்கு மலேசியாவின் கோலசிலாங்கூர் வட்டாரம் வசதியான இடம். புக்கிட் மெலாவத்தி மேட்டில் பழைய கோட்டையும் பீரங்கிகளும் அரசர் சமாதிகளும் இருக்கின்றன. அங்கிருந்து உள்ளே போனால் புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களின் இடுகாடுகள். மேட்டுக்கு ஷெல்லி, தோட்டத்துக்குக் கிரே என்று உடனே பிரித்துக் கொடுத்துவிடத் தோன்றும். அந்தப் பிரிவினை பாதிதான் சரி.

ஷெல்லியின் கவிதையில் நான்கு குரல்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. 'நான்' என்று தொடங்குபவர் ஒருவர். அவருக்குச் செய்தி சொல்லும் பயணி இன்னொருவர். பயணி கண்ட உடைந்த சிலையைச் செதுக்கிய சிற்பி மூன்றாமவர். பீடத்தில் பொறித்த வாசகத்தின் வழியே பேசும் அரசன் நான்காமவர். பாலைவனத்தில் உடல் இல்லாமல் இரண்டு கால்கள் நிற்கின்றன. அருகே மணலில் பாதி புதைந்த முகம். அதில் ஏளனமும் அதிகாரமும் இன்னும் அழியவில்லை. பீடத்தில் அரசன் தன் பெயரை அறிவித்து, தன் சாதனைகளைக் கண்டு மற்ற வலியவர்கள் மனம் ஒடியட்டும் என்கிறான். சுற்றிலும் சாதனை என்று சொல்ல ஒரு செங்கல்கூட இல்லை.

வாசகத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை, பொருள் மட்டும் தலைகீழாகிவிட்டது என்பதுதான் இதன் நுட்பம். வலியவர்கள் மனம் ஒடியத்தான் வேண்டும். ஆனால் அரசன் நினைத்த காரணத்துக்காக அல்ல. அரசனைப் பழித்துக் கவிஞர் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. அவன் எழுதி வைத்ததே அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டது. கவிதை புகழ்வது ஒருவரைத்தான், அந்தச் சிற்பியை. அரசனின் உள்ளத்தைப் புரிந்துகொண்டு முகத்தில் வடித்தவர் அவர். கூலிக்கு வேலை செய்த அந்தக் கைவினைஞருக்குக் கவிதையில் பெயர் கிடையாது. 'நான்' என்று தொடங்கியவர் கடைசிவரை திரும்பி வரவே இல்லை என்பதும் கவனிக்க வேண்டியது. திறந்த சட்டகத்தை மூடாமல், பயணியின் பேச்சிலேயே, பரந்த மணலிலேயே ஷெல்லி நிறுத்திவிடுகிறார். முடிவுரை சொல்லத் தெரிந்தவர்கள் பலர். சொல்லாமல் விடத் தெரிந்தவர்கள் குறைவு.

ஓசிமாண்டியாஸ் என்பது எகிப்திய மன்னன் இரண்டாம் ராம்செஸுக்குக் கிரேக்கர் வழங்கிய பெயர். பீடத்து வாசகத்தின் மூலம், கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த டயோடோரஸ் சிகுலஸ் என்னும் வரலாற்றாசிரியரின் நூலில் இருக்கிறது. ராம்செஸின் பெருஞ்சிலை ஒன்றின் மேற்பகுதியை பெல்சோனி என்பவர் 1816-இல் நைல் கரையிலிருந்து பெயர்த்தெடுத்தார். அது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தபோது கவிதை அச்சாகிவிட்டிருந்தது. சிலை இருந்த தீப்ஸ் நகரம் ஆற்றோர வளநிலத்தை ஒட்டியது. ஆளரவமற்ற பாலைவனம் ஷெல்லியின் கற்பனை.

இந்தச் சானெட்டுக்கு ஓர் உடன்பிறப்பும் உண்டு. ஷெல்லியும் அவருடைய நண்பர் ஹொரேஸ் ஸ்மித்தும் ஒரே பொருளில் போட்டியாக எழுதினார்கள். ஸ்மித்தின் சானெட் அதே இதழில் 1818 பிப்ரவரி 1 அன்று வந்தது. கவித்துவத்தில் அது ஷெல்லிக்கு அருகில் வராது. விளக்கிச் சொல்லும் பழக்கம் அதைக் கெடுத்துவிட்டது. ஆனால் ஷெல்லி வாய் திறக்காத ஒன்றை ஸ்மித் சொல்லிவிடுகிறார்: வருங்காலத்தில் ஒரு வேட்டைக்காரன் காடு மண்டிய லண்டன் இடிபாடுகளுக்கு வந்து, இங்கே வாழ்ந்த வலிய இனம் எது என்று வியப்பானாம். பேரரசு உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த காலத்தில் தலைநகரின் பெயரைச் சொல்லியே எழுதிய துணிவு அது. ஷெல்லியை மட்டும் பாடத்தில் வைத்து ஸ்மித்தை விட்டுவிட்ட பள்ளிகளில், ஓசிமாண்டியாஸ் எப்போதும் கீழைநாட்டுக் கொடுங்கோலனாகவே இருந்தான். ஆளுநர் மாளிகைப் பக்கம் யாருடைய பார்வையும் திரும்பவில்லை.

புக்கிட் மெலாவத்திக்கு வந்தால் இந்தக் கேள்வி கூர்மையாகிறது. 1766-இல் ராஜா லுமு சிலாங்கூரின் முதல் சுல்தானாக, சுல்தான் சலேஹுடின் என்ற பெயருடன் முடிசூடிய பின், கோலசிலாங்கூர் அரசிருக்கை ஆயிற்று. அவர் மகன் சுல்தான் இப்ராஹிம் 1784-இல் ரியாவின் ராஜா ஹாஜியுடன் சேர்ந்து டச்சுக்காரர்களின் மலாக்காவைத் தாக்கினார். ராஜா ஹாஜி போரில் இறந்தார். டச்சுப் படை பழிவாங்க வந்து மெலாவத்திக் கோட்டையைப் பிடித்தது. பத்தேவியாவில் இருந்த தலைமை ஆளுநர் வில்லெம் ஆர்னோல்ட் ஆல்டிங்கின் பெயரால் அதற்கு 'ஆல்டிங்ஸ்பர்க்' என்று பெயர் சூட்டியது. சுல்தான் பஹாங்குக்குப் போய் ஆள் சேர்த்துக்கொண்டு 1785-இல் திரும்பி வந்து கோட்டையை மீட்டார். ஏறத்தாழ ஓராண்டுதான் டச்சுக்காரர் பிடியில் இருந்தது. கோட்டை கைமாறியும் அந்தப் பெயர் போகவில்லை. இருபதாம் நூற்றாண்டில் எழுந்த கலங்கரை விளக்கத்தை இன்றும் 'ஆல்டிங்ஸ்பர்க்' என்றுதான் அழைக்கிறார்கள். மேட்டுக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளும் வெள்ளிக் குரங்குக்குப் பயற்றங்காய் நீட்டும் சுற்றுலாக்காரர்களும் ஆல்டிங் யார் என்று கேட்பதில்லை. பெயர் நின்று, பெயருக்குரியவன் மறைந்த நிலை இது. ஓசிமாண்டியாஸுக்கு இதைவிடப் பொருத்தமான துணை இந்த வட்டாரத்தில் கிடையாது.

1871 ஜூலையில், சிலாங்கூர் உள்நாட்டுப் போரின் நடுவே, பிரிட்டிஷ் போர்க்கப்பல் 'ரினால்டோ' ஆற்றுமுகத்திலிருந்து இந்தக் கோட்டையைச் சுட்டது. மூன்றே ஆண்டில் சிலாங்கூருக்கு பிரிட்டிஷ் ரெசிடெண்ட் வந்துவிட்டார். ஒரே மேட்டில் மலாய் அரசு, டச்சு நிறுவனம், பிரிட்டிஷ் கடற்படை என மூன்று அதிகாரங்கள் தங்கள் பீரங்கியை நீட்டியிருக்கின்றன.

ஆனால் ஷெல்லியின் பாலைவனம் இங்கே இல்லை. மேட்டில் சுல்தான் சலேஹுடின், சுல்தான் இப்ராஹிம், சுல்தான் முகம்மது ஆகியோரின் சமாதிகள் பராமரிக்கப்படுகின்றன. அவர்கள் மரபு இன்றும் ஆட்சியில் இருக்கிறது. கீழே ஆறு ஓடுகிறது. மீன்பிடிப் படகுகள் போய் வருகின்றன. ஷெல்லியின் ஏளனம் வேலை செய்ய வேண்டுமானால், அரசனை நினைக்க ஒருவரும் மிச்சமிருக்கக் கூடாது. மக்கள் வாழும் ஊரில் இடிபாடு பாலைவனச் சிலையைப்போல ஒரே பொருளைத் தருவதில்லை, பார்ப்பவருக்கேற்ப மாறுகிறது.

கிரேயின் கவிதை வேகத்தில் இதற்கு நேர்மாறானது. மாலை மயங்கும் நேரம், வீடு திரும்பும் மாடுகள், களைத்த உழவர், ஆந்தை என்று மெல்ல நகர்கிறது. ஐந்து சீர் கொண்ட நெடிய அடி, ஒன்றுவிட்டு ஒன்று இயையும் நான்கடி. எங்கும் அவசரம் கிடையாது. 1742-இல் கிரேயின் நெருங்கிய நண்பர் ரிச்சர்ட் வெஸ்ட் இளமையிலேயே இறந்தார். அந்தத் துயரமும் கவிதைக்குள் கலந்திருப்பதாகக் கருதுவோர் பலர். 1750 ஜூனில் பக்கிங்ஹாம்ஷியரின் ஸ்டோக் போஜஸ் சிற்றூரிலிருந்து முடித்த கவிதையைத் தன் நண்பர் ஹொரேஸ் வால்போலுக்கு அனுப்பினார். கைப்படியாகப் பலரிடம் சுற்றி, ஒரு மாத இதழ் அனுமதியின்றி அச்சிடவிருந்த நிலையில்தான் டாட்ஸ்லி அவசரமாக நூலாக்கினார்.

கல்லறையில் கிடப்பவர்கள் ஊர் உழவர்கள். இவர்களில் ஒருவர் மில்டனாகவோ கிராம்வெல்லாகவோ ஆகியிருக்கலாம். வறுமையும் கல்வியின்மையும் தடுத்துவிட்டன என்பது கவிதையின் நடுக்கருத்து. முதல் வரைவில் அந்த இடத்தில் ரோமப் பெயர்கள் இருந்தன. கேட்டோ, டல்லி (சிசரோ), சீசர். பிறகு கிரே அவற்றை எடுத்துவிட்டு ஹாம்டன், மில்டன், கிராம்வெல் என்று இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர்க் காலப் பெயர்களை வைத்தார். ஜான் ஹாம்டன் மன்னர் விதித்த கப்பல் வரியை எதிர்த்து வழக்காடியவர். அவரைப்போலத் தன் வயற்பரப்பின் குட்டி அதிகாரியை எதிர்த்து நின்ற ஒருவர் இங்கே புதைந்திருக்கலாம் என்கிறது கவிதை. மூன்று பெயரை மாற்றியதில் கவிதை உள்ளூர் மண்ணுக்கு இறங்கிவிட்டது.

இதற்கு அடுத்து வரும் உவமைகள்தாம் விவாதத்துக்கு உள்ளானவை: கடலடியில் யாரும் காணாத மணியும், பாலையில் வீணே மணம் வீசும் மலரும். திறனாய்வாளர் வில்லியம் எம்ப்சன் 1935-இல் வெளியிட்ட நூலில் இதைக் கூர்மையாகத் தாக்கினார். மணிக்குக் குகையில் கிடப்பது குறையல்ல. மலரைப் பறிக்காமல் விடுவதே அதற்கு நல்லது. மனிதத் திறமை வீணாவதை இவற்றோடு ஒப்பிட்டால், சமூகம் செய்த ஏற்பாடு இயற்கையின் நியதி போலத் தோன்றிவிடும் என்பது அவர் வாதம். இந்தக் கவிதையில் ஒவ்வொருவர் நெஞ்சும் தன் உணர்வின் எதிரொலியைக் காண்கிறது என்று சாமுவேல் ஜான்சன் பாராட்டியிருந்தார். கிரேயின் மற்றக் கவிதைகள் ஜான்சனுக்குப் பிடிக்காது. இதை மட்டும் தலைமேல் வைத்தார். ஜான்சனும் எம்ப்சனும் ஒரே இடத்தைத்தான் தொடுகிறார்கள். எல்லோருக்கும் பிடித்துப்போவதுதான் கவிதையின் பலம். எம்ப்சனுக்குச் சந்தேகம் எழுவதும் அங்கேதான்.

கடலடியில் மணியை வைத்தது யார் என்று கேட்க முடியாது. தோட்ட லயத்துப் பிள்ளையின் படிப்பைத் தொடக்க வகுப்போடு நிறுத்தியது யார் என்று கேட்கலாம், விடையும் கிடைக்கும். மலாய்க் கூட்டரசு மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பத்துப் பிள்ளைகளுக்குமேல் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பள்ளி வந்தது. பல தோட்டங்களில் அது ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரே அறை. கங்காணியோ, கணக்கெழுதும் கிராணியோதான் வாத்தியார். பால் வெட்டுக்குத் துணையாகப் போகும் வயது வந்ததும் பிள்ளை நின்றுவிடும். கிரேயின் வறுமைக்கு முகம் இல்லை. இந்த வறுமைக்கு அலுவலகமும் கணக்கேடும் உண்டு.

கிரேயின் கவிதை வேறொன்றையும் சொல்லாமலே எடுத்துக்கொள்கிறது. அந்த ஊரில் பாட்டனும் பேரனும் ஒரே மண்ணில் உழுது ஒரே மண்ணில் புதைகிறார்கள். தலைக்கல்லை நட ஊர் இருக்கிறது, அதைக் காக்கத் தேவாலயம் இருக்கிறது. வட சிலாங்கூர்த் தோட்டத்தில் அந்த ஏற்பாடு கிடையாது. திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து கங்காணி அழைத்து வந்தவர்கள் ஒரு தோட்டத்தில் பேர் பதிந்து, சம்பளமோ தண்டலோ சரிப்படாமல் இன்னொன்றுக்குப் போனார்கள். தாத்தாவை அடக்கம் செய்தது ஒரு தோட்டம், அப்பாவை வேறொன்று என்பது சாதாரணம். 1938-இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தைத் தடுத்த பிறகுதான் பலருக்குத் தோட்டமே ஊராயிற்று. அந்த ஊரும் தங்கவில்லை. நைஜல் கார்ட்னர், மேரி, புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் என்று பெஸ்தாரி ஜெயா சுற்றுவட்டாரத் தோட்டங்களின் பெயர்கள் பிற்காலத்தில் செய்தியில் அடிபட்டது வீட்டுப் பிரச்சினைக்காகத்தான்.

தோட்ட இடுகாடு பெரும்பாலும் நிரையின் கடைக்கோடியில், வடிகாலை ஒட்டி இருக்கும். வசதி உள்ள குடும்பம் சிமெண்டு மேடை கட்டி 'தோற்றம்', 'மறைவு' என்று இரண்டு தேதி போடும். இல்லாதவர்கள் ஈரச் சிமெண்டில் ஆணியால் பெயரைக் கீறுவார்கள். அதற்கும் இல்லாதவர்களுக்கு ஒரு கட்டை. கித்தா மரத்தை வெட்டிச் செம்பனை போட்டபோது சிலவற்றின் எல்லையே தெரியாமல் போய்விட்டது. செம்பனையின் வரலாறும் இங்கேயே தொடங்குகிறது. 1917-இல் ஆன்றி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) பக்கத்துத் தென்னமராம் தோட்டத்தில் போட்டதுதான் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு. அவரே 'மலேசி' என்ற நாவலை எழுதி 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றார். ஒரே வட்டாரத்தில் துரைக்கு அழியாத நாவல், வெட்டுக்காரருக்குக் கரையும் சிமெண்டு.

தோட்டத்தில் தொழிலாளர் பெயர் ஓரிடத்தில் மட்டும் ஒழுங்காக எழுதப்பட்டது. விடியற்காலைப் பெரட்டில் கூப்பிட்டுக் குறிக்கும் செக்ரோல் அது. முழு நாள், அரை நாள், வராத நாள் என்று கட்டம் கட்டமாக, கிராணியின் கையெழுத்தில், பல சமயம் பாதி வெட்டப்பட்ட பெயர்களாக. அது சம்பளக் கணக்குக்காக எழுதியது. வழிப்போக்கர் நின்று படிப்பதற்கல்ல. நாள் முடிந்ததும் அதன் வேலையும் முடிந்தது.

கிரேயின் கவிதைக்குள்ளும் எழுத்தறிவு பற்றிய ஒரு கூர்மையான இடம் உண்டு, பலர் கவனிப்பதில்லை. இறுதிப் பகுதியில் கவிஞர் தன் மரணத்தையே கற்பனை செய்கிறார். அவரைத் தேடி ஒரு வெளியூர்க்காரர் வருகிறார். நரைத்த உழவர் ஒருவர், அந்த மனிதர் காலையில் மேட்டில் உலாவுவதையும், ஒருநாள் காணாமல் போனதையும், மூன்றாம் நாள் சவ ஊர்வலம் போனதையும் சொல்லிவிட்டு, கிட்டே போய்க் கல்லைப் படித்துக்கொள், உனக்குப் படிக்கத் தெரியுமே என்கிறார். அவருக்குத் தெரியாது என்பது அதில் அடங்கிவிட்டது. கல்லில் இருப்பதைவிட அதிகமாக அவர் வாயால் சொல்லிவிட்டார். எழுத்தின் முன் மட்டும் ஒதுங்கி நிற்கிறார். ஊரிலிருந்து வந்த கடிதத்தைக் கிராணி வீட்டுத் திண்ணையில் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் காத்து நின்ற தலைமுறைக்கு அந்த நரைத்த உழவர் நன்றாகத் தெரிந்தவர்.

வழிப்போக்கர்களும் வேறுபடுகிறார்கள். ஷெல்லியின் பயணி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பாலையில் கேட்க ஆளும் இல்லை. அவர் படித்தது அரசன் தன்னைப் பற்றித் தானே எழுதியதை. கிரேயின் வெளியூர்க்காரருக்கு உள்ளூர்க்காரரின் பேச்சு முதலில் கிடைக்கிறது, கல்லெழுத்து அதற்குப் பிறகுதான். அவர் படிப்பது பிறர் எழுதிய பரிந்துரை. ஊர் உழவர்களின் கல்லெழுத்தும் எளியது, வழி போகிறவர் ஒரு பெருமூச்சு விட்டால் போதும் என்று கேட்பது. அரசனின் எழுத்து அச்சத்தைக் கேட்டு ஏளனத்தைப் பெற்றது. ஏழைகளின் எழுத்து சிறிதளவே கேட்டது, கேட்டதைப் பெற்றது.

தமிழ் மரபில் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒன்று உண்டு. நடுகல் அரசனுக்கு மட்டும் உரியதல்ல. ஆநிரை மீட்டு மாண்ட எளிய வீரனுக்கும் உண்டு. வழியோரத்தில் நின்று, போவார் வருவாருக்குப் பெயரையும் செயலையும் சொல்லும். தொல்காப்பியம் அதை நடும் முறையையே படிப்படியாக வகுத்திருக்கிறது. கையறுநிலை பாடும் புலவர் இறந்தவரைப் பெயர் சொல்லியே பாடுவார். பெயரறியாத பலருக்காகப் பாடும் கிரேயின் முறை சங்க மரபுக்கு அயல்தான். ஒப்பாரியும் உறவைச் சொல்லி அழுவது. பொதுவாக மாண்டோருக்கு ஒப்பாரி இல்லை.

கிரேயின் ஹாம்டன் 'இருந்திருக்கலாம்' என்பதோடு நின்றுவிட்டார். சிலாங்கூர்த் தோட்டங்களில் 1941-இல் அவர் எழுந்தே வந்தார். கிள்ளான் வட்டாரத்தில் ஆர்.எச். நாதன் முதலியோர் முன்னின்ற வேலைநிறுத்தத்தில் கோரிக்கைகள் பல: சம்பள உயர்வு, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல், பெண்களுக்குப் பாதுகாப்பு. அவற்றுள் ஒன்று, துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. வயற்பரப்பின் குட்டி அதிகாரியை எதிர்ப்பது என்றால் நடைமுறையில் என்ன என்பதற்கு இதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டு தேவையில்லை. நாதன் மே மாதத்தில் கைதாகி நாடுகடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டனர். அடுத்த ஆண்டே ஜப்பானியர் ஆட்சி. தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம்–பர்மா ரயில்பாதைக்கு ஏற்றிச் செல்லப்பட்டனர். திரும்பாதவர்களுக்குத் தோட்ட இடுகாட்டில் கட்டைகூட இல்லை. கல்லில் இல்லாத இந்த எழுத்தை மலேசியத் தமிழ் நாவல்தான் ஏற்றுக்கொண்டது: ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்'. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இரா. தண்டாயுதம் தோட்டத்து வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்ததும் இதே வரிசையில் சேர வேண்டியது. கிரே கல்லறை எழுத்துக்குக் காட்டிய மரியாதையை அவர் எழுதப்படாத பாட்டுக்குக் காட்டினார்.

தமிழ்க் கவிதையில் ஷெல்லியின் தடம் தெளிவானது. பாரதி இளமையில் 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். ஆனால் பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாட வந்தபோது அவருக்கு ஏளனம் கைகொடுக்கவில்லை; நேரடியான அழுகையையும் கேள்வியையும் எடுத்துக்கொண்டார். அது ஷெல்லியின் சானெட்டுக்கும் கிரேயின் நிதானத்துக்கும் வெளியே நிற்கும் குரல்.

தமிழில் பெயர்க்க முனைபவருக்கு இரண்டும் வெவ்வேறு சிக்கலைத் தருகின்றன. கிரேயின் நான்கடிச் செய்யுளுக்கு விருத்தம் இயல்பான அச்சு. முப்பத்திரண்டு விருத்தங்களில் முழுப் பாட்டும் அடங்கும். ஆனால் விருத்தத்தின் எதுகை அடிதோறும் முன்னே வந்து ஒலிப்பதால் ஓட்டம் கூடிவிடும். மாலை மயங்கும் மெதுவான நடை கெடும். அறுசீரைவிட, ஓசை தணிந்த கலிவிருத்தம் பாதுகாப்பானது. ஷெல்லியில் வாக்கியங்கள் அடி எல்லையைத் தாண்டி ஓடுகின்றன. நான்கு குரல்களும் ஒரே மூச்சில் வருகின்றன. அதை விருத்தத்தில் அடைத்தால் குரல்கள் துண்டாகிப்போகும். நிலைமண்டில ஆசிரியப்பா இடங்கொடுக்கும்; பதினான்கு அடி என்ற கணக்கையும் காப்பாற்றலாம். அரசனின் வாசகம் வரும் அடிகளில் மட்டும் மெய்க்கீர்த்தியின் மிடுக்கைக் கொஞ்சம் ஏற்றினால், அடுத்து வரும் மணலுக்கு எந்தச் சொல்லலங்காரமும் வேண்டியிருக்காது.